பெர்னடெட் பிடுங்கிய வேலி

ரேவன் ஓடையை ஒட்டி அரசு போட்ட வேலியைப் பட்டப்பகலில் டிராக்டர் வைத்துப் பிடுங்கியவர் பெர்னடெட் ஒலாபே. எங்கள் வடக்கு நெவாடாவில் வேலியை அறுக்கிறவர்கள் வேறு யாரும் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் இருட்டில் அறுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் தெரியாத முகத்தோடு தேவாலயத்தில் வந்து நிற்பார்கள். பெர்னடெட் பிடுங்கிய கம்பங்களை வரிசையாக அடுக்கி, மேலே ஓர் அட்டையும் வைத்தார்: "இதைச் செய்தது பெர்னடெட் ஒலாபே. பேச வேண்டுமென்றால் வீட்டுக்கு வரவும். நாய் கடிக்காது. என்னைப் பற்றி உறுதி சொல்ல முடியாது."

அப்போது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கணவர் இறந்தபின் பண்ணையைத் தனியாக நடத்தி வந்தார். ஓடையில் அவருக்குக் கீழே தம்பி ரேயின் பண்ணை. அதற்கும் கீழே எங்களுடையது. எங்கள் மூன்று குடும்பத்து மாடுகளும் கோடை முழுக்க மேலே அரசு நிலத்தில்தான் மேயும். அந்த நிலத்தைக் கவனிக்கும் அலுவலகம், ஓடையில் உள்ள ட்ரவுட் மீன் அழிந்து வருகிறது, இனி மாடுகள் தண்ணீர்ப் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு போட்டது. கையோடு வேலியும் போட்டது. அந்த மேட்டில் வேறு தண்ணீரே கிடையாது. தாகம் தாங்காமல் பெர்னடெட்டின் பசுக்கள் முள்கம்பியில் மோதி மார்பைக் கிழித்துக்கொண்டன. அதைப் பார்த்த அன்றுதான் அவர் டிராக்டரைக் கிளப்பினார்.

இரண்டொரு நாளில் அலுவலகத்திலிருந்து அலன் ப்ரூயிட் வந்தார். ஊர் உணவகத்தில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து மேசை காலியாகிவிடும், அப்படிப்பட்ட காலம்.

"கேஸ் போட வந்தீங்களாக்கும்?" என்றார் பெர்னடெட், வாசற்படியை விட்டு நகராமல்.

"போடச் சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க மேடம். அதுக்கு முன்னாடி அந்த மாடுங்களப் பாக்கலாமா?"

கொட்டிலில் தையல் போட்டுக் கிடந்த பசுக்களை அவர் நெடுநேரம் பார்த்தார். "தண்ணிக்கு வழி விடாம வேலி போட்டது எங்க தப்பு" என்றார்.

"அரசாங்கத்து வாயில இருந்து 'எங்க தப்பு'ன்னு ஒரு வார்த்தையா! வாங்க, உள்ள வந்து உக்காருங்க. நாளைக்குப் பேச்ச மாத்திடப் போறீங்க."

மறுநாள் இருவரும் குதிரையில் ஓடைக்குப் போனார்கள். சின்ன வயதில் பெர்னடெட் அதில் விழுந்து மூழ்கப் பார்த்தவர். இப்போது கரை இடிந்து, தண்ணீர் அகலமாகப் பரவி, கணுக்கால் நனையாத ஆழத்தில் சூடாகக் கிடந்தது. தினம் பார்த்துக்கொண்டிருந்ததால் அது இவ்வளவு கெட்டுப் போனது தன் கண்ணில் படவேயில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார். அன்று அலனிடம் அப்படிச் சொல்லவில்லை.

"மாட்டக் குத்தம் சொல்லாதீங்க. வேகாத வெயில்ல நிழலும் தண்ணியும் இங்கதான் இருக்கு. நானா இருந்தாலும் இங்கதான் படுத்துக் கிடப்பேன்."

"வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே மேய்ச்சிட்டு இறக்கிட்டா?"

பெர்னடெட் யோசித்தார். வசந்தத்தில் மேடெல்லாம் பச்சை. மாடுகள் ஓடைக்கு இறங்காது. ஆனால் ஜூனிலேயே இறக்கினால், குளிர்காலத் தீவனத்துக்குப் புல் அறுக்கும் வயலைத்தான் அவற்றுக்கு விட வேண்டும். அப்படியானால் மந்தையைக் குறைத்தாக வேண்டும்.

"நான் மந்தையக் குறைக்கிறேன். நீங்க என்ன குறைப்பீங்க?"

"கேஸ விடச் சொல்லிப் பாக்குறேன். இது சரிப்பட்டு வரலேன்னா எனக்கு இந்த வேலை இருக்காது."

வழக்கு நின்றது, புது ஏற்பாட்டைச் சோதனையாகப் பார்க்கலாம் என்றார்கள். கோடையிலும் மேலே இருக்கும் எங்கள் மாடுகள் ஓடைக்கு இறங்காதபடி வேலியை பெர்னடெட்டே திரும்ப நட்டார். மேட்டில் மாடுகளுக்கு வைத்த தண்ணீர்த் தொட்டிக்கு அலன் குழாய் இழுத்துக் கொடுத்தார். இதில் கொதித்தது ரேதான்.

"இன்னிக்கு ஓடைம்பாங்க, நாளைக்கு நம்ம வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. நீதான்க்கா கதவத் தெறந்து விட்டிருக்க." அதோடு பேச்சை நிறுத்திவிட்டான். பேச்சை நிறுத்தியவர்கள் வேறு சிலரும் உண்டு.

இரண்டு மூன்று வருஷத்தில் கரையில் வில்லோ என்னும் நீரோரச் செடிகள் தழைத்தன. பின்னாலேயே பீவர் என்னும் நீர்விலங்குகள் வந்து, அந்தக் கிளைகளைக் கடித்து இழுத்து ஓடையின் குறுக்கே அணை கட்டின. அந்த இலையுதிர்காலத்தில் ரேயின் வாய்க்காலுக்குத் தண்ணீர் குறைந்தது. அவன் டைனமைட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். எப்படியாவது தடுக்கலாம் என்று நான் பின்னாலேயே ஓடினேன். அங்கே போனால், எப்படித் தெரிந்ததோ, பெர்னடெட் அணையின் மேலேயே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறார்.

"எந்திரிக்கா."

"மாட்டேன்டா. வெடிய வை. மேல போனதும் அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன், உம் பிள்ளதான் அனுப்பி வச்சான்னு."

"எந் தண்ணியத் திருடுதுங்கக்கா!"

"ஒரு வருஷம் பொறுடா. அப்பவும் வரலேன்னா நானே திரியப் பத்த வைக்கிறேன்."

ரே ஆத்திரத்தில் தொப்பியைக் கழற்றி வீசினான். அது மிதந்து போகவே, பின்னாலேயே இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அந்த ஓடையில் இடுப்பளவு தண்ணீர் எப்போது வந்தது என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். வெடியை வைக்காமல் திரும்பினான்.

மறுவருஷம் மழை பொய்த்தது. சுற்றுப்பக்கத்து ஓடைகளெல்லாம் புழுதியாயின. ஆகஸ்டிலும் ரேவன் ஓடை, அணைகளிலிருந்து கசிந்து கசிந்து, ரேயின் வயல் வரைக்கும் வந்தது. அதைத் தாண்டி எங்களுக்கும் வந்தது.

அலுவலகத்துக்குப் புதிதாக வந்த தலைவர், சோதனை போதும், ஒரு மாடுகூட மேலே ஏறக்கூடாது என்று அறிவித்தார். பள்ளிக்கூட அரங்கில் கூட்டம் போட்டார்கள். தலைவரின் பக்கத்தில் அலன் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார். பெர்னடெட் எழுவதற்குள் ரே எழுந்துவிட்டான்.

"எனக்கு உங்க ஆபீசப் பிடிக்காது. அதோ உக்காந்திருக்காரே, அவரு மூஞ்சியும் பிடிக்காது. ஆனா ஆகஸ்டுல எங்க வாய்க்கால்ல தண்ணி ஓடுது, அதுல உங்க மீனும் ஓடுது. எங்க அக்காவும் அவரும் சேந்து செஞ்சது அது. அங்க வந்து ஒரு தடவ பாக்காம இத நிறுத்துனீங்கன்னா, அக்கா டிராக்டர்தான் கொண்டு வந்தா. எங்கிட்ட இருக்கறது அத விடப் பெருசு."

அரங்கம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை, ஆனால் மறுநாள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். ஓடையில் நின்று, காலைச் சுற்றி நீந்திய மீன்களையே பார்த்தார். ஏற்பாடு நீடித்தது. அடுத்த வசந்தத்தில் ரேயும் நாங்களும் அதில் சேர்ந்துகொண்டோம்.

எல்லோரும் சேரவில்லை. பெர்னடெட்டைக் கண்டால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். பெர்னடெட்டுக்கும் அலனுக்கும் சண்டை ஓயவில்லை. மாடுகளை எப்போது இறக்குவது என்று ஒவ்வொரு ஜூனிலும் கத்திக்கொள்வார்கள். இந்த வருஷம் புல் சீக்கிரமே காய்ந்துவிட்டது, உடனே இறக்குங்கள் என்றார் அலன். இன்னும் ஒரு வாரம் தாங்கும் என்று நின்றார் பெர்னடெட். ரே குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கி உள்ளங்கையில் கசக்கிப் பார்த்தான்.

"ஆபீசர் சொல்றது சரிதான்க்கா" என்றான்.

பெர்னடெட் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மாடுகளை இறக்க, குதிரைக்குச் சேணம் போட நடந்தார்.