கிரேன் சென்னகிருஷ்ணனின் சின்ன வயிறு

ஒரு இட்லியைச் சென்னகிருஷ்ணன் இன்னும் மென்றுகொண்டிருக்கிறார். கேன்டீனில் அவரோடு உட்கார்ந்தவர்கள் எழுந்து, கை கழுவி, வெளியே போய் பீடியும் பிடித்து முடித்துவிட்டார்கள். மேசை துடைக்கிறவர் இவரது தட்டைச் சுற்றித் துடைத்துக்கொண்டு போகிறார். சுண்டைக்காய் அளவுக்குக் கிள்ளி வாயில் போட்டு, கூழாகும்வரை அரைத்த பிறகுதான் விழுங்குகிறார். நடுவில் தண்ணீர் தொடுவதில்லை. "அவசரப்பட்டு முழுங்கினா நெஞ்சுலயே நின்னுக்கும் சார். அப்பறம் வெளிய வந்துதான் தீரும்" என்கிறார். பாதி இட்லி தட்டிலேயே மீந்துவிடுகிறது.

இதே மேசையில் இவர் சாப்பிடுவதை வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் நின்ற காலம் உண்டு. அப்போது ஆள் நூற்று நாற்பது கிலோவுக்கு மேல் இருந்தார். ஓசூர் சிப்காட்டில், கார்களுக்கான தகட்டு உறுப்புகளை அழுத்தி எடுக்கும் தொழிற்சாலை எங்களுடையது. நான் அங்கே உருப்படிகளை அளந்து பார்க்கிற இன்ஸ்பெக்டர். அவர் கூரைக்கடியில் ஓடும் பெரிய கிரேனின் ஓட்டுநர். பல டன் எடையுள்ள இரும்பு அச்சுகளைத் தூக்கி வந்து பிரஸ்ஸின் மேல் பூப்போல இறக்குவார். மற்றவர்கள் நாலு தடவை ஏற்றி இறக்கிச் சரிசெய்வதை இவர் ஒரே மூச்சில் உட்கார வைப்பார்.

ஆனால் கிரேனின் கேபினுக்குப் போகும் இரும்பு ஏணியைச் சுற்றிப் பாதுகாப்பு வளையங்கள் உண்டு. ஒரு நாள் பாதி வழியில் வளையத்துக்குள் வயிறு மாட்டிக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. வெல்டர் வந்து வளையத்தை அறுத்துத்தான் ஆளை இறக்கினார்கள். கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "அன்னிக்கி வீட்டுக்குப் போயி கதவச் சாத்திக்கிட்டு அழுதன் சார்" என்று பின்னால் ஒரு நாள் சொன்னார். எடை குறையாவிட்டால் கிரேன் கிடையாது என்று கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டார். வெளிநாட்டில் படித்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பியிருந்த ஒரு சர்ஜனிடம் கம்பெனியே அனுப்பிவைத்தது. அந்தத் தொண்ணூற்றேழாம் வருஷத்தில் இப்படி ஓர் ஆபரேஷன் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. இரைப்பையின் மேல்முனையைச் சின்னப் பையாகப் பிரித்துத் தைத்து, குடலை இழுத்து அதிலேயே சேர்த்துவிட்டார்கள். வருஷம் திரும்புவதற்குள் ஆள் பாதியாகிவிட்டார். கன்னம் ஒட்டி, கழுத்துத் தோல் தொங்கி, பழைய சட்டைக்குள் வேறு யாரோ நிற்பதுபோல இருந்தது. ஏணியில் மட்டும் அணில்போல ஏறினார்.

குடிக்கக் கூடாது, இனிமேல் கொஞ்சம் குடித்தாலும் சட்டென்று ஏறிவிடும் என்று அந்த சர்ஜன் கண்டித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். சென்னகிருஷ்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு முன்பும் அவர் குடிக்கிறவர்தான். மாநில எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய், எவ்வளவு ஊற்றினாலும் தடுமாறாமல் மொபெட்டை ஓட்டிக்கொண்டு வருவார். அதில் ஒரு பெருமை இருந்தது. "எனக்கெல்லாம் ஏறாது சார். ஒடம்பு அப்பிடி" என்பார். உடம்பு மாறிப்போனதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

நானும் அவரும் ஒரே வரிசை வீடுகளில் குடியிருந்தோம். அவர் மனைவி ஜோதிமணி ஒரு நாள் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். "கறி எறங்கல, சோறு எறங்கலன்னு தட்டத் தள்ளிர்றாருக்கா. அது மட்டும் வழுக்கிக்கிட்டு எறங்குது. முன்ன எல்லாம் குடிச்சா ரெண்டு வார்த்த பேசிட்டுப் படுத்துக்குவாரு. இப்ப ஒரு வாய் உள்ள போனா ஆளே வேற. வாசல்ல நின்னுக்கிட்டு எங்க வூடு எதுன்னு என்னையே கேக்கறாரு." கணவர் வேலைக்குப் புறப்படும்போதெல்லாம் வாசலுக்கு வந்து, மொபெட் தெருமுனையில் நேராகத் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஜோதிமணி உள்ளே போவார்.

விருந்துகள்தான் அவரைக் கெடுத்தன என்று நினைக்கிறேன். பந்தியில் உட்கார்ந்தால் இலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். பரிமாறுகிறவர் கேலி செய்வார். பந்தலுக்குப் பின்னால் நிற்கும் நண்பர்களோடு ஒரு டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. லாரி புக்கிங் ஏஜென்ட் நாராயணப்பன் அவருடைய பழைய கூட்டாளி. நாராயணப்பனின் பெண்ணுக்குக் காதுகுத்து. அன்று சென்னகிருஷ்ணனுக்கு மதிய ஷிப்ட். "கொஞ்சூண்டுதான் குடிச்சன். முன்னெல்லாம் அது எனக்குக் கொப்புளிக்கக்கூடக் காணாது" என்றார் பிற்பாடு. மொபெட்டில் நேராக வந்தார், கேட்டில் கையெழுத்துப் போட்டார், என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஏணியில் ஏறினார். எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

பெரிய பிரஸ்ஸுக்கு அச்சு மாற்ற வேண்டியிருந்தது. கீழே நின்று கைகாட்டுகிறவர் ஜமீர் அகமது. கிரேனுக்குக் கண் கேபினில் இல்லை, ஜமீரின் கையில்தான் இருக்கிறது. பிரஸ்ஸின் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் முனிவேல், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அச்சு நடு வழியில் வரும்போதே லேசாக ஆடியது. சென்னகிருஷ்ணன் கொண்டுவரும் பாரம் ஆடி நான் பார்த்ததில்லை. ஜமீர் உள்ளங்கையை விரித்து நிறுத்தச் சொன்னார். கிரேன் நின்றது, ஆனால் தாமதித்து நின்றது. அச்சு ஊசலாடி முன்னே போய் பிரஸ்ஸின் தூணை உரசியது. இரும்பு இரும்பில் தேய்ந்த சத்தத்தில் தொழிற்கூடம் முழுவதும் திரும்பியது. முனிவேல் பின்னால் தாவினார். பின்னால் இரும்புவேலி, பக்கத்தில் தூண், முன்னால் ஆடிக்கொண்டிருக்கும் அச்சு. முதுகை வேலியில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

ஜமீர் கையை வலப்பக்கம் வீசி வீசிக் காட்டினார். அந்தப் பக்கம் எடுத்தால் முனிவேலுக்கு வழி கிடைக்கும். தப்பாக இடப்பக்கம் எடுத்தால் வேலியோடு அவரும் போவார். கிரேன் அசையவில்லை. "அண்ணா! வலது! வலதுண்ணா!" ஜமீர் கத்தினார்.

மேலே கேபினிலிருந்து சென்னகிருஷ்ணன் தலையை வெளியே நீட்டினார்.

"ஜமீரு, நீ ரெண்டு ஆளா தெரியற. ஒருத்தன் இந்தப் பக்கம் காட்டற, ஒருத்தன் அந்தப் பக்கம் காட்டற. நான் கை வெக்க மாட்டன். மெயின அணைச்சிட்டன். முனிசாமிய வரச் சொல்லு."

"ஏண்ணா, தலை சுத்துதா?"

"குடிச்சிருக்கன்டா. ஆள அனுப்பு!"

அது எல்லாருக்கும் கேட்டது. சூப்பர்வைசருக்கும் கேட்டது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, எல்லாரும் பார்க்கும்படி அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர். அடுத்த ஷெட்டிலிருந்து இன்னொரு ஓட்டுநரான முனிசாமியைக் கூட்டிவர ஆள் ஓடியது. அச்சு ஆட்டம் மெல்லமெல்லக் குறைந்து, முனிவேலின் நெஞ்சுக்கு எதிரே வந்து நின்றது. அவர் மூச்சை இழுத்தால் சட்டைப் பொத்தான் அச்சில் படும். "மாமா, அசையாத. கண்ண மூடிக்கோ" என்று யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் கிட்டே போகவில்லை. முனிசாமி மேலே ஏறி அந்தக் குறுகிய கேபினுக்குள் நுழைந்தபோது, சென்னகிருஷ்ணன் மூலையில் ஒடுங்கி இடம் கொடுத்தார். பழைய உடம்பாக இருந்திருந்தால் இன்னொருவர் அதற்குள் நுழைந்திருக்கவே முடியாது. அச்சு வலப்பக்கம் நகர்ந்தது. முனிவேல் நாலு எட்டு வந்து தரையில் உட்கார்ந்து வாந்தியெடுத்தார்.

சென்னகிருஷ்ணனை இறக்கியதும் யூனியன்காரர் காதோரமாக ஒரு வழி சொன்னார். "ஆபரேஷன் பண்ணின ஒடம்பு. சுகர் எறங்கிடுச்சின்னு சொல்லிக்கலாம். டாக்டரும் ஒத்துக்குவாரு." பக்கத்தில் நின்ற எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சென்னகிருஷ்ணன் மறுத்துத் தலையை ஆட்டினார். "சுகருன்னு எழுதினா, ரெண்டு நாள் லீவு குடுத்துட்டு மறுபடி மேல ஏத்திருவாங்க. நானும் ஏறிருவன்."

வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், விசாரித்தார்கள். கடைசியில் கிரேனைப் பறித்துக்கொண்டு, கழிவுத்தகடு அள்ளும் வேலையில் போட்டார்கள். முனிவேல் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எதிரே வந்தால் தகட்டு அடுக்குகளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போவார்.

அன்றோடு குடி நின்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். நிற்கவில்லை. அந்த மழைக்காலத்தில், கெலவரப்பள்ளி வாய்க்கால் கரையில் மொபெட்டோடு சரிந்து கிடந்தவரை, நாற்று நடப்போன பெண்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். முகம் தண்ணீருக்கு ஒரு சாண் இப்பால் இருந்ததாம். ஜோதிமணி அழவில்லை. மறுநாள் அவரைப் பஸ் ஏற்றிப் பெங்களூருக்குக் கூட்டிப்போய் அந்த சர்ஜனின் முன்னால் உட்காரவைத்தார். "இவருக்கு வயித்தச் சின்னதாக்கினீங்களே, ஆசைய அதே சைஸ்ல வுட்டுட்டீங்களே. அதுக்கு ஒரு டாக்டரு சொல்லுங்க" என்று கேட்டாராம். சர்ஜன், குடியை நிறுத்த வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரைச் சொன்னார். வாரம்தோறும் கணவனும் மனைவியும் போய்வந்தார்கள். விருந்துகளுக்கு இருவரும் போவதை நிறுத்திக்கொண்டார்கள். நாராயணப்பன் வீட்டுக்கே வந்து கூப்பிட்ட அன்று ஜோதிமணி வாசலிலேயே நின்று பேசி அனுப்பிவிட்டார். சாயங்காலங்களில் சென்னகிருஷ்ணனின் கை நடுங்கும். அப்போது ஜோதிமணி ஒரு கிண்ணம் மோரைக் கொடுத்து, அது தீரும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடி விட்டது.

இந்த வருஷம் முனிசாமி ஊத்தங்கரைப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டதால் கிரேனுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. சென்னகிருஷ்ணனை மறுபடி ஏற்றலாமா என்று மேலாளர் கீழே வேலை செய்கிறவர்களைக் கூட்டிக் கேட்டார். எல்லாரும் முனிவேலைப் பார்த்தார்கள். அவர் தலை நிமிராமலே சொன்னார்: "ஏறட்டும். ஆனா ஏர்றதுக்கு முன்ன தெனமும் ஜமீரு மோந்து பாக்கணும். அவன்தான் சாராயத்தத் தொட்டதே இல்லாதவன்."

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஷிப்ட் தொடங்கியதும் சென்னகிருஷ்ணன் ஏணியடியில் ஜமீரின் முகத்துக்கு நேராகக் குனிந்து வாயைத் திறந்து ஊதுகிறார். வயதில் மூத்தவரை இப்படி மோப்பம் பிடிப்பது ஜமீருக்குக் கூச்சம். "போதும், போங்கண்ணா" என்று பாதியிலேயே திரும்பிக்கொள்வார்.

போன வாரம் பெருநாளுக்காக ஜமீர் லீவு. அவருக்குப் பதிலாகக் கைகாட்ட வந்தவருக்கு இந்த ஏற்பாடு தெரியாது. பிரஸ் காத்திருந்தது. "என்னய்யா நிக்கற, ஏறு! நான் சொல்றன், ஏறு!" என்று சூப்பர்வைசர் கத்தினார். சென்னகிருஷ்ணன் ஏணியில் வைத்த காலை எடுத்தார். நேராகப் பிரஸ் பக்கம் நடந்தார். அங்கே முனிவேல் எண்ணெய்த் துணியோடு முதுகைக் காட்டிக்கொண்டு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "முனிவேலு" என்றார். முனிவேல் துடைத்துக்கொண்டே இருந்தார். இவர் அங்கேயே நின்றார். முனிவேல் மெதுவாகத் திரும்பினார். சென்னகிருஷ்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, வாயைத் திறந்தார். முனிவேல் துணியைக் கீழே வைத்துவிட்டு, தன் முகத்தை அவர் வாயருகே கொண்டுபோய், கண்ணை மூடி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.