கிள்ளானில் கடல் வெளியேறும்வரை காத்திருந்தோம்

கிள்ளான் ஆற்றின் கடைசிப் பகுதி சுத்தம் என்று யாராவது சொல்லி, மீன் பிடிக்கவோ காரியம் செய்யவோ கிளம்பியிருந்தால், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

மாநில நதிநீர்த் தரத் திட்டத்துக்குக் கணக்குப் போடும் நிறுவனத்தில் நான் பொறியாளன். கிள்ளான் பாலத்தில் எடுக்கும் நீர் எப்போதும் நன்றாக இருக்கிறது, அந்தச் சோதனை இடத்தை எடுத்துவிடலாம் என்றார் மேலதிகாரி. திங்கட்கிழமை கூட்டத்தில் முடிவு. எடுத்துவிட்டால் கரையிலுள்ள ஆலைகளை யாரும் எட்டிப்பார்க்கப் போவதில்லை. எனக்கு நம்பிக்கையில்லை. நீர் எடுக்கும் எங்கள் ஆட்களின் கயிறு குட்டை. கடல் உள்ளே ஏறி, வாளிக்கு நீர் எட்டும்போதுதான் எடுப்பார்கள். அது ஆறு இல்லை, பாதி கடல்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகைக் கார் பிடித்தேன். அரை நாளுக்கு நாற்பது வெள்ளி, டோல் தனி. ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர். கையில் நீரின் ஆக்சிஜனையும் உப்பையும் அளக்கும் மீட்டர் கருவிகள் இரண்டு, புதிதாய் வாங்கிய நீளக் கயிறு.

"எங்க தம்பி, கெணறு தோண்டவா?" என்றார் ஓட்டுநர் சேகரன்.

"ஆத்தைப் பார்க்க."

"அதைப் பார்க்க நாப்பது வெள்ளியா! நல்லா இருப்பே லா."

கிள்ளான் பாலத்துக்கு இரண்டு தளம். மேலே வண்டிகள், கீழே நடப்பவர்களும் சைக்கிள்களும். கீழ்த்தளத்தில் நின்றேன். நீர் நிறைந்து கிடந்தது. மீட்டரை விட்டேன்: ஆக்சிஜன் நல்ல அளவு, உப்பும் ஏராளம். எதிர்பார்த்ததுதான்.

கரையில் ஒரு குடும்பம், சிவப்புத் துணி கட்டிய மண்பானையோடு உட்கார்ந்திருந்தது. அப்பாவின் அஸ்தி. மூத்த மகன் மனோகரன், சுங்கை வேயில் லோரி ஓட்டுகிறவர்.

"ஏன் உட்கார்ந்திருக்கீங்க அண்ணே?"

"தண்ணி எறங்கட்டும் தம்பி. இப்ப கரைச்சா அப்பா திரும்பி கேஎல்லுக்கே போயிருவாரு."

"டிக்கெட் இல்லாமலா!" என்றார் அவர் அக்கா. அழுது சிவந்த கண்ணோடு அவரே சிரித்தார்.

காத்திருப்பது எனக்கு ஆகாத வேலை. ஆனாலும் அவர்களோடு உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்றேன். பதினொரு மணிக்கு மேல் சேறு தெரிந்தது, நாற்றம் ஏறியது. நீளக் கயிற்றில் வாளியை இறக்கினேன். உப்பு ஏறக்குறைய இல்லை. ஆக்சிஜன் முள் பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துவிட்டது; மீன்கூடப் பிழைக்காத நீர். இதுதான் ஆறு.

அஸ்தி கடலை நோக்கிப் போனது. முழுக்குப் போட மனோகரன் சட்டையைக் கழற்றினார்.

"வேணாம் அண்ணே. வீட்டுக்குப் போய்க் குளிங்க."

"சடங்கு தம்பி."

"சீக்கு வரும்."

முறைத்தார். சேற்றைப் பார்த்தார். விரலை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டார். "அடுத்த வருசம் திதிக்காவது எறங்கலாமா?"

"தெரியல" என்றேன். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை இரண்டு அளவுகளையும் மேசையில் வைத்தேன். "ரெண்டும் ஒரே ஆறா?" என்றார் மேலதிகாரி. ஒரே பாலம், ஒரே நாள் என்றேன். சோதனை இடம் நிலைத்தது. கடல் இறங்கியபின்தான், நீளக் கயிற்றில் நீர் எடுக்க வேண்டும் என்பதும் திட்டத்தில் ஏறியது.

போகிறவர்கள் நாளிதழில் கடல் ஏறி இறங்கும் நேரம் பார்த்துக் கிளம்புங்கள். பழைய செருப்பு போதும். குளிக்காதீர்கள். மனோகரனின் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. ஆனால் இனி அதை அளக்க ஓர் இடம் இருக்கிறது, கயிறும் எட்டும்.