ரசமட்டத்தின் குதிகால்

நான் ஊர் சுற்றக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மாமா வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். இடது குதிகாலின் அடியில் மிளகு அளவு ஒரு கருப்புப் புள்ளி.

"என்ன மாமா அது?"

"டைல்ஸ் இடுக்குக்குப் பூசற கருப்பு ஒட்டியிருக்கும். நீ பஸ்ஸைப் பாரு."

பஸ்ஸைப் பார்த்தேன். இரண்டரை வருடம் வேறெதையும் பார்க்கவில்லை.

மாமா டைல்ஸ் பதிப்பவர். தளம் சமமா என்று சோதிக்கும் ரசமட்டம் அவர் பையில் இருக்கும். வெளியே எடுக்க மாட்டார். பதித்து முடித்ததும் செருப்பைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு அறையின் குறுக்கே நடப்பார். ஒரு டைல்ஸ் ஓரம் நகத்தின் கனம் தூக்கியிருந்தாலும் நின்றுவிடுவார். "இங்க பல்லு துருத்துது, எடு." கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கே ரசமட்டம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நான் ஊரில் இல்லாதபோது அந்தப் பாதத்தைத்தான் சனிக்கிழமைதோறும் சுரண்டியிருக்கிறார், டைல்ஸில் காய்ந்த பூச்சைச் சுரண்டும் அதே தகட்டால். கறை போகவில்லையென்றால் இன்னும் அழுத்த வேண்டும். தொழில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். பிறகு தெருமுனை டாக்டரிடம் போனார். அந்த ஆள் நாற்காலியை விட்டு எழாமலே "கால் ஆணி" என்று சொல்லி பிளாஸ்திரி கொடுத்தார். நாலு முறை போனார். நாலு முறையும் பிளாஸ்திரி. ஒரு மனிதனின் காலைக் குனிந்து பார்க்க எத்தனை நொடி ஆகும்?

நான் திரும்பி வந்தபோது மாமா நொண்டினார். காலை இழுத்து மடியில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் பழுப்பு, ஓரம் கிழிந்த காகிதம் மாதிரி. நடுவில் ஈரம்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"நீ போனதிலிருந்து," என்றார் அத்தை. "நான் சொன்னா கேக்கறாரா? எனக்கு டாக்டர் பட்டமா இருக்கு?"

மறுநாளே பெரிய மருத்துவமனைக்கு இழுத்துப் போனேன். தோல் டாக்டர் ஒரு பெண். தரையில் மண்டியிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தார். சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மெலனோமா என்று வந்தது. தோல் புற்றுநோய்.

"நான் வெயில்ல வேலை செய்யறவன் இல்லையே டாக்டர்."

"வெயிலால வர்றது பெரும்பாலும் மூக்கு, காதுல ஆறாத புண்ணா வரும். அது வேற. இது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில வரும். வெயிலே வேண்டாம். பரவவும் செய்யும்."

"சுரண்டினதால வந்ததா?"

"இல்ல. சுரண்டினதால நாள்தான் போச்சு."

சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுத்தார்கள். தொடைத் தோலை அங்கே ஒட்டினார்கள். தொடையிடுக்கு நெறிக்கட்டி ஒன்றை எடுத்துப் பார்த்ததில் புற்று அங்கேயும் கொஞ்சம் போயிருந்தது. அதனால் ஒரு வருடம், மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி.

நான் தெருமுனை டாக்டரிடம் போய், வெட்டுவதற்கு முன் மாமாவின் குதிகாலை எடுத்த படத்தைக் காட்டினேன்.

"அப்போ சின்னதா இருந்திருக்கும்மா."

"நீங்க பார்த்தீங்களா?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவரைத் திட்டிக்கொண்டேதான் வீடு வந்தேன். குழாயடியைப் பார்த்ததும் திட்ட இன்னொரு ஆளும் கிடைத்தாள். மிளகு அளவில் பார்த்தவள் நான்தானே.

கட்டுப் பிரித்து, புண் முழுக்க ஆறிய பிறகு, மாமா கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். பாதி வழியில் நின்றார்.

"தொடைத் தோலுக்கு ஒண்ணும் தெரியலடி. மொட்டையா இருக்கு."

அடுத்த மாதம் வேலைக்குப் போனபோது பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தாராம். யாரும் சிரிக்கவில்லை என்றார் அத்தை. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

ஒன்றரை வருடம் கழித்து, வேறொரு ஊரின் பஸ் நிலையத்தில் இருந்தபோது மாமாவின் செய்தி வந்தது, ஒரு படத்தோடு. புதிதாகப் பதித்த தரையில் வரிசையாகப் பன்னிரண்டு உள்ளங்கால்கள். கீழே எழுதியிருந்தார்:

"மாசம் ஒரு தடவை கூட வேலை செய்யற எல்லாரையும் காலைக் காட்டச் சொல்றேன். இடமிருந்து மூணாவது கால், பெருவிரல் பக்கம் பெருசாக்கிப் பாரு. பூச்சு ஒட்டியிருக்குங்கறான். தகட்டைப் புடுங்கி வெச்சுட்டேன். நாளைக்கு அந்த லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். நாளைக்கு அவங்க இருப்பாங்களா, சீக்கிரம் கேட்டுச் சொல்லு."