நகை போட்ட தமிழ்த்தாய்

போர்டு எழுதுற தொழில்ல ஒரே கஷ்டம், ஒளிஞ்சுக்க முடியாது. நாம வீட்டுல இழுத்துப் போர்த்திக்கிட்டுப் படுத்தாலும் நம்ம கைவேலை நடுத்தெருவுல நின்னு காட்டிக் கொடுத்துடும். பிரஷ் பிடிச்ச சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா?

தாய் அழணும்

அறுபத்தஞ்சாம் வருஷம். இந்தி எதிர்ப்பு சூடு பறந்த நேரம். மலைக்கோட்டை அடிவாரத்துல என் கடை. ஸ்ரீரங்கத்துலேர்ந்து சீனுன்னு ஒரு காலேஜ் மாணவன் வந்தான். தமிழ்த்தாய் கையில விலங்கோட நிக்கிற மாதிரி போஸ்டர் வேணுமாம். வீட்டுக்காரி ஏழு மாசம். நான் உள்ளே போனா அவளுக்கு வேற நாதி கிடையாது. ஆனா எனக்கும் கோபம் இருந்ததே! சரின்னுட்டேன்.

வஜ்ரப் பசை காய்ச்சி, கலர் பொடி கலந்து, ஒரே மூச்சுல பத்துப் பதினஞ்சு வரைஞ்சேன். காலடியில "இந்தி ஒழிக"ன்னு என் பாணியில வளைச்சு வளைச்சு எழுதினேன். வருஷக்கணக்கா நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் பொம்பளை முகம் போட்ட கையாச்சே, அது பாட்டுக்குப் போயிடுச்சு. சீனு பார்த்துட்டுத் தலையில கை வச்சுக்கிட்டான்.

"அண்ணா, தாய் அழணும். இவ விலங்கையே புது வளையல் மாதிரி காட்டிண்டு சிரிக்கறாளே!"

மூக்குத்தி

எல்லாத்துலயும் கண்ணீர் வச்சேன். பழக்கதோஷத்துல போட்ட மூக்குத்தியை எடுக்க மறந்துட்டேன். தெப்பக்குளத்துலேர்ந்து அம்மா மண்டபம் வரைக்கும் பசங்க ஒட்டிட்டாங்க.

மறுநாள் ஒரு ஏட்டு, கிழிச்செடுத்த போஸ்டரும் கையுமா பெரியகடை வீதியில கடை கடையா அண்ணாந்து பார்த்துக்கிட்டே வந்தார். இந்த மனுஷன் என்னத்தைத் தேடறார்? எனக்குத் தாங்கலை, கூட்டத்தோட கூட்டமா பின்னாலேயே போனேன். நகைக்கடை போர்டுக்குக் கீழே நின்னார். ஐயோ! அதே கண்ணு, அதே மோவாய், அதே எட்டுக்கல் மூக்குத்தி. நான் எழுதின போர்டுதான்.

"யாருங்க இதை வரைஞ்சது?"ன்னு கேட்டார் ஏட்டு. கடை முதலாளி கண்ணு கூட்டத்துல என் மேல வந்து நின்னுட்டு நகர்ந்தது. ஏட்டும் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். முதலாளி வெத்திலையைத் துப்பிட்டு நிதானமா சொன்னார்.

"யாரோ மெட்ராஸ் ஆளுங்க. அட்ரஸ்கூடத் தெரியாது."

ஸ்டேஷன் போர்டு

அடுத்த வாரம் ஏட்டு என் கடைக்கே வந்தார். போச்சுடான்னு எழுந்து நின்னேன். பார்த்தா, கையில விலங்கு இல்லை, ஒரு தகரம். "இங்கு சுவரொட்டி ஒட்டாதீர்கள்"னு ஸ்டேஷனுக்கு எழுதிக் கொடுக்கணுமாம். எழுதி முடிக்கிற வரைக்கும் இருக்கேன்னு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டார்.

என் எழுத்து தெரியக்கூடாதேன்னு இடது கையால கோணலும் மாணலுமா ஆரம்பிச்சேன். எனக்கே பார்க்கச் சகிக்கலை. ரெண்டு எழுத்து பார்த்தார். சுத்துமுத்தும் பார்த்துட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வலது கையால எழுதுப்பா, அந்தத் தாய் காலடியில எழுதினியே, அதே மாதிரி. வீட்டுல பிள்ளைத்தாச்சி இருக்காளாமே, இனிமே அந்தத் தாயைப் பாரு."

அந்த போர்டு ரொம்ப வருஷம் ஸ்டேஷன் வாசல்ல தொங்கிச்சு. என் கைவேலையில போலீஸ் காவலோட இருந்தது அது ஒண்ணுதான்.