பட்டினி நாள்

ஆய்வகத்தில் அவளைத் தீனியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக அவள் வேலை அதுதான். காலையில் கையுறை மாட்டி, வெதுவெதுப்பான பெட்டியிலிருந்து தட்டுகளை எடுத்து, பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டு, புதிதாக இளஞ்சிவப்புத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவது. ஸ்டெம் செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அதனால் அவளுக்கும் கிடையாது. உறவில் நடந்த கல்யாணங்களில் பாதிக்கு அவள் போனதில்லை.

பதினெட்டாம் எண் தட்டு அவள் தம்பியுடையது. கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி, இப்போது சாவித்துவாரம் அளவுக்குத்தான் இருக்கிறது. செல்லின் மேல் ஒற்றை மயிர்போல முளைக்கும் குற்றிழை அவனுக்குச் சரியாக முளைப்பதில்லை என்றார்கள். ஆய்வகத்தில் அதை ஆன்டெனா என்பார்கள். செல் என்னவாக வளர வேண்டும் என்ற சேதியை வாங்குவது அதுதான். அவன் தோலில் மிளகளவு கிள்ளியெடுத்து, ஸ்டெம் செல்லாக்கி, அதிலிருந்து விழித்திரைச் செல்களை வளர்த்திருந்தார்கள். இப்போது புது மருந்து ஒன்றைப் போட்டுப் பார்க்கிறார்கள். ஆன்டெனா முளைத்தால் சோதனைச் சிகிச்சைப் பட்டியலில் அவனைச் சேர்ப்பார்கள். பட்டியல் மாதக் கடைசியில் மூடுகிறது.

"எம்புள்ளைங்க எப்படி இருக்காங்க?" என்று தினமும் கேட்பான்.

"உன்னை மாதிரிதான். நல்லா திங்குதுங்க, வேலை ஒண்ணும் செய்யறதில்லை."

தின்று பெருகிக்கொண்டிருக்கும்வரை செல்லில் ஆன்டெனா சரியாக வராது. இரண்டு நாள் பட்டினி போட வேண்டும். பெருகுவதை நிறுத்தி ஓய்ந்த பிறகே அது தலை நீட்டும். அவளுக்கு இது தெரியும். எத்தனையோ தட்டுகளைப் பட்டினி போட்டவள்தான்.

பட்டினியின் முதல் நாள் மாலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். பதினெட்டில் சில செல்கள் சுருங்கி, உதிர்ந்து மிதந்தன. எல்லாத் தட்டிலும் அப்படித்தான் மிதக்கும். கை பாட்டிலுக்குப் போனது. கொஞ்சம்தானே என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் சாயமேற்றிப் பார்த்தார்கள். மற்ற தட்டுகளில் ஆன்டெனாக்கள் பச்சைப் பச்சையாக நின்றன. பதினெட்டில் செல்கள் கொழுகொழுவென்று நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஒன்றில்கூட முளைக்கவில்லை.

"மருந்து கேக்கலை போல," என்றார் ஆய்வகத் தலைவி.

"நான் தீனி போட்டுட்டேன் மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா?"

"ரெண்டு மில்லிதான்."

"இனிமே இது மருந்தாலயா தீனியாலயான்னு யாராலயும் சொல்ல முடியாதேம்மா. மறுபடி வளர்க்க மூணு மாசம் ஆகும்."

"அந்தப் பட்டியல்?"

மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டில் தம்பி சாப்பிட உட்கார்ந்திருந்தான். "முளைச்சுதாக்கா?"

"இல்லடா. பட்டினி நாள்ல நான் தீனி போட்டுட்டேன். இந்தத் தடவை உன்னைச் சேர்க்க மாட்டாங்க."

வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். "பசின்னு அழுதுதுங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

அவன் கை தண்ணீர்த் தம்ளரைத் தேடியது. எடுத்துக் கொடுக்காதீர்கள், அவரே தேடிப் பழகட்டும் என்று கண் மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். கை மேசைமேல் இடப்பக்கம் போய், வெறுமனே திரும்பி வந்தது. மறுபடி போனது.

அவள் தம்ளரை அவன் கைப்பக்கம் நகர்த்தி வைத்தாள்.