ஒரு கோல்கூடப் பார்க்காத அண்ணி

என் அண்ணி எங்கள் ஊர் அணியின் ஆட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை. மழையோ வெயிலோ, மைதானத்தில் ஆஜர். ஆனால் வாழ்நாளில் அவர் ஒரு கோல்கூடப் பார்த்ததில்லை. அவருடைய வேலை அப்படி. ஆட்டம் தொடங்கியதும் நாங்கள் ஆயிரக்கணக்கான பேர் பந்தைப் பார்த்து உட்காருவோம். அண்ணி பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று எங்களைப் பார்ப்பார்.

பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மை என்று ஒரு துறை இருக்கிறது. அங்கே அண்ணி ஆய்வாளர். யார் ஆட்டம் பார்க்க வருகிறார்கள், ஏன் வருகிறார்கள், தோற்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஓர் அணிக்காக ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுக்கிறார்கள். கல்யாணப் பேச்சு நடந்தபோது அப்பா இதைக் கேட்டுவிட்டு, "நம்மளப் பாக்கறதுக்கா சம்பளம்? நாம பாக்கறதுக்கு நாமல்ல காசு குடுக்கறோம்" என்றார். அவரால் அதை நம்பவே முடியவில்லை.

அண்ணன் அவரிடம் மாட்டிக்கொண்ட கதையும் இதே வகைதான். அண்ணனுக்குக் கால்பந்து என்றாலே கொட்டாவி வரும். ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை முடித்துவிட்டு மைதானத்து வாசலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். அண்ணி அட்டையும் பேனாவுமாக வந்து, "இந்த அணி மேல உங்களுக்கு எவ்வளவு பிரியம்?" என்று கேட்டிருக்கிறார். இவன் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, உயிரே அதுதான் என்று புளுகியிருக்கிறான். அடுத்தடுத்த கேள்விகளில் குட்டு வெளிப்பட்டது. இரண்டு பஸ் போய்விட்டன, இவன் நகரவில்லை. அந்தப் பதில்களை ஆய்விலிருந்து எடுத்துவிட்டதாக அண்ணி இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

வீட்டுக்கு வந்த பிறகும் கேள்விகள் ஓயவில்லை. லிப்டில் ஏறினதும் எல்லாரும் ஏன் கதவைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார்கள்? வீட்டில் நாற்காலிக்குப் பெயர் எழுதியா வைத்திருக்கிறோம், பிறகு ஏன் தினமும் அவரவர் அதே இடத்தில் உட்காருகிறோம்? நான் டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, கிளட்சை விடு, விடாதே என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிறேன். எனக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? "அண்ணி, பசிக்குது, அதனால சாப்பிடறேன். வேற காரணம் இல்ல" என்று சிடுசிடுப்பேன். அதற்கும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அப்பா அவருக்குக் 'கேள்வி' என்றே பெயர் வைத்துவிட்டார். "கேள்வி இன்னும் வரலையா? தோசை ஆறிடப் போகுது" என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பா லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நானும் அவரும் கிழக்கு கேலரி. கூரை கிடையாது, மரப்பலகைதான் இருக்கை, டிக்கெட்டும் அதற்கேற்ற விலை. எனக்கு முன்னால் ஒரு பேக்கரிக்காரர், பக்கத்தில் சிவப்புச் சால்வை போட்ட ஓர் அம்மாள். பெயர் தெரியாது, ஆனால் யார் எந்தப் பலகை என்று தெரியும். ஒருவர் வரவில்லை என்றால் அன்றைக்கு மனசு ஒப்பாது.

சென்ற வருடம் கிளப் ஒரு முடிவெடுத்தது. மைதானத்தின் ஒரு பக்கத்தை இடித்துவிட்டு, கம்பெனிக்காரர்கள் உட்காரக் கண்ணாடி அறைகள் கட்ட வேண்டும். எந்தப் பக்கத்தை இடிப்பது? ஆர்வமில்லாதவர்கள் இருக்கும் பக்கத்தை இடித்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று, அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். அது அண்ணியின் தலையில் வந்து விழுந்தது. கம்பங்களில் கூட்டத்தைப் பார்த்தபடி கேமராக்களை மாட்டினார். ஆட்டத்தின் முக்கியமான கட்டங்களில் படம் எடுப்பது, ஒவ்வொரு முகமும் மைதானத்தைப் பார்க்கிறதா என்று குறிப்பது, பார்க்காதவருக்கு ஆர்வமில்லை என்று வைத்துக்கொள்வது. சொந்தக்காரர்கள் இருக்கும் பகுதியைத் தானே குறிக்கக் கூடாது என்பது விதி. அதனால் கிழக்கு கேலரியை உதவியாளர்களிடம் கொடுத்துவிட்டார். வீட்டில் மூச்சுவிடவில்லை. அதுவும் விதி.

முடிவு மைதானத்து வாசலில் ஒட்டியிருந்தது. ஆய்வின்படி கிழக்கு கேலரியில்தான் ஆர்வம் மிகக் குறைவு, நிர்வாகக் கூட்டத்தில் உறுதியானதும் அடுத்த சீசனில் இடிக்கப்படும். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அவருக்கும் சேர்த்து நான் பேசினேன்.

"எங்களுக்கா அண்ணி ஆர்வம் இல்ல? அப்பா எத்தனை தடவ ஜுரத்தோட வந்து உக்காந்திருக்காரு தெரியுமா? நாத்தனார் மேல கோவம்னா என்கிட்ட நேராச் சொல்லுங்க. கேலரிய ஏன் இடிக்கறீங்க?"

அண்ணி கோபப்படவில்லை. எனக்கு எரிச்சல் கிளப்புவதே அதுதான். "அப்ப ஒண்ணு சொல்லு. பெனால்டி அடிக்கற நேரத்துல உங்க கேலரியில பாதி பேரு ஏன் பாக்கறதில்ல? ஆட்டத்துலயே அதுதானே முக்கியமான நேரம்?" என்றார். மடக்குவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

எனக்குக் காரணம் தெரியும். சொல்லத்தான் முடியாது. பெனால்டி நேரத்தில் நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வேன். நான் பார்த்தால் பந்து உள்ளே போகாது, எனக்கு ராசி அப்படி. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அப்புறம் பலிக்காது. எங்கள் கேலரியில் யாரும் யாருக்கும் சொல்லித்தராத, எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இது. ஆகவே, வாயாடி என்று பெயரெடுத்த நான், வாயடைத்துப்போய் என் அறைக்குப் போய்விட்டேன்.

நான் ஓடிப்போனதே அண்ணிக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. அந்த வாரக் கடைசியில் கிழக்கு கேலரிப் படங்கள் அத்தனையையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். நாங்கள் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்று சாப்பிட்டோம். அண்ணி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். மற்ற பக்கங்களில் மைதானத்தைப் பார்க்காதவர்கள் போனைப் பார்த்தார்கள், இல்லாவிட்டால் எதையாவது கொறித்தார்கள். கிழக்கில் ஒருவர் கையிலும் போன் இல்லை. பேக்கரிக்காரர் குனிந்திருக்கிறார். சிவப்புச் சால்வை அம்மாள் சால்வையால் முகத்தை மூடியிருக்கிறார். படிக்கட்டு ஓரத்தில் ஒருவர் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நிற்கிறார். அது அப்பா. வேறு ஆட்டம், வேறு பெனால்டி, அதே ஆட்கள் அதே மாதிரி. அடுத்த படத்தில் எல்லோரும் நிமிர்ந்து மைதானத்தைப் பார்க்கிறார்கள்.

"ஆர்வம் இல்லாதவங்க எதுக்கு ஒரே நேரத்துல திரும்பணும்?" என்று அண்ணி தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு அப்பாவிடம் திரும்பினார். "மாமா, அந்தச் செவத்துல என்ன பாக்கறீங்க?"

"பாத்ரூம் போயிட்டு வந்தேம்மா."

"ஒவ்வொரு பெனால்டிக்குமா?"

"வயசாச்சுல்ல" என்று சொல்லிவிட்டு, எங்கள் கட்டிடத்து லிப்டில் ஏதோ சத்தம் வருகிறதென்று பார்க்கக் கிளம்பிவிட்டார் அப்பா. அன்று லிப்ட் சத்தமே போடவில்லை.

அண்ணி பேக்கரிக்குப் போய்க் கேட்டார். ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்ன மனிதர் காலில் ரப்பர் செருப்பு. சால்வை அம்மாள் கண்ணில் தூசி விழுந்தது என்றார். அண்ணிக்கு ஒரே உற்சாகம். "எல்லாரும் பொய் சொல்றாங்க. அதுவும் முழிச்சு முழிச்சுச் சொல்றாங்க. எவ்வளவு நல்லா இருக்கு" என்று என் கட்டிலில் வந்து உட்கார்ந்துகொண்டார். ஒரு பக்கம் எங்கள் இடம் பறிபோகிறது, இவர் சந்தோஷத்தைப் பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடுத்த மேட்சுக்கு நானும் உங்களோட வரேன். வேலைக்கு இல்ல. சும்மா உக்கார" என்றார்.

உட்கார்ந்தார், எனக்கும் அப்பாவுக்கும் நடுவில். முதல் பாதி முழுக்கப் பழக்கதோஷத்தில் பின்னால் திரும்பி ஜனங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணி, ஆட்டம் அந்தப் பக்கம்" என்று தோளைப் பிடித்துத் திருப்பிவிட வேண்டியிருந்தது. இரண்டாம் பாதியில் மெல்ல ஒட்டிக்கொண்டார். எங்கள் பத்தாம் நம்பர்காரன் காலை எதிரணிக்காரன் வாரிவிட்டபோது, எழுந்து நின்று அம்பயரைத் திட்டினார். கால்பந்தில் அம்பயர் கிடையாது, ரெப்ரீதான் என்பதுகூட அப்போது அண்ணிக்கு நினைவில்லை.

பெனால்டி கொடுத்தார்கள். அப்பா எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனார். நான் குனிந்தேன். அப்புறம் நடந்தது அண்ணி பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். பத்தாம் நம்பர்காரன் பந்தை வைத்துவிட்டு உள்ளங்கையை நிக்கரில் துடைத்திருக்கிறான். அதைப் பார்த்ததும் அவன் பயம் அண்ணிக்கும் தொற்றியிருக்கிறது. நாம் இங்கே புதுசு, நாம் பார்த்து ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு நினைப்பு, எங்கிருந்து வந்ததென்றே தெரியாமல் வந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுவிட்டார். கேலரியே எழுந்து கத்தியபோதுதான் திறந்தார். குனிந்திருந்த என்னைப் பார்த்தார். அப்பா படியேறி வருவதைப் பார்த்தார்.

"நீயுமா?" என்றார் மெதுவாக.

தலையை மட்டும் ஆட்டினேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

கிளப்பின் நிர்வாகக் கூட்டம் அடுத்த வாரம். ரசிகர்களும் வரலாம் என்றார்கள், நாங்கள் போனோம். அறிக்கையைத் திரும்பப் பெற்றால் அடுத்த ஆய்வு உனக்குக் கிடையாது என்று துறைத் தலைவர் முன்பே கண்டித்திருந்தார். அண்ணி அப்படியும் எழுந்து, "முகம் திரும்பினா ஆர்வம் இல்லன்னு நான் வச்சுக்கிட்டது தப்பு. கிழக்குல இருக்கறவங்க ஆர்வம் தாங்காமதான் திரும்பிக்கறாங்க" என்றார்.

கிளப் மேனேஜர் அலுத்துப்போன மனிதர். "அவங்களே சொன்னாங்களா?"

"இல்ல. கேட்டா பொய் சொல்றாங்க."

கூட்டம் சிரித்தது. "அப்ப எத வச்சு நாங்க நம்பறது?" என்றார் மேனேஜர்.

மூன்றாவது வரிசையில்தான் அப்பா இருந்தார். ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். அண்ணி நீட்டவில்லை. நாலு பேர் முன்னால் யார் முகத்தையும் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் அந்தப் படங்களை எடுத்திருந்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் முதல்தடவையாக அண்ணியைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அப்பா எழுந்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், கையைத் தட்டிவிட்டார்.

"நான் கிழக்கு கேலரிங்க. பெனால்டின்னா படிக்கட்டுக்குப் போயி செவத்தப் பாத்து நின்னுடுவேன். நான் பாத்தா உள்ள போகாது. அப்பல்லாம் ஆசையாப் பாத்திருக்கேன், பாத்ததெல்லாம் வெளியதான் போச்சு. அதுலேர்ந்து பாக்கறதில்ல. இத யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னாப் பலிக்காது. என் பொண்ணுகிட்டகூடச் சொன்னதில்ல." கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப சொல்லிட்டேன். இனிமே நான் திரும்பி நின்னும் பிரயோஜனம் இல்ல. எங்க மருமக சொல்றது நெசம். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தன்னிடம் இருந்த ஒரே பலத்தை அந்த மனிதர் எங்கள் எல்லோருக்குமாக எடுத்துக் கொடுத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பின்வரிசையில் பேக்கரிக்காரர் எழுந்து, "லேசும் இல்ல ஒண்ணும் இல்ல. நானும் அப்படித்தான்" என்றார். சால்வை அம்மாள் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார்.

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "மேட்சோட கடைசி நேரத்துல நான் எங்க இருப்பேன்னு நெனைக்கறீங்க? கார்ல. கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு."

இடிப்பதை நிறுத்திவைத்தார்கள். ஒரு சீசன் முழுக்க மறுபடி ஆராய்ந்து சொல்லட்டும் என்று அண்ணியிடமே கொடுத்தார்கள். துறைத் தலைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உதவியாளர்களைப் பிடுங்கிக்கொண்டார். பரவாயில்லை, நானே வந்து குறிக்கிறேன் என்றேன். சொந்தக்காரர்கள் கூடாது என்று விதியைக் காட்டினார் அண்ணி.

புது சீசனின் முதல் ஆட்டம். ஆய்வு அடுத்த ஆட்டத்திலிருந்துதான், அதனால் அண்ணி எங்களோடு உட்கார்ந்தார். ஆட்டம் முடியப் போகிற நேரம், சமநிலை, எங்களுக்கு ஒரு பெனால்டி. அப்பா பாதி எழுந்தார். போய்ப் பிரயோஜனமில்லை என்பது நினைவு வந்து, அப்படியே உட்கார்ந்தார். அண்ணி அவர் தோளுக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"என்ன மாமா ஆச்சு?"

"பந்த வைக்கறான். பின்னால வரான்." என்றார் அப்பா. "ஓடறான்."

பந்து கம்பத்துக்கு மேலே பறந்து போயிற்று. அண்ணி மெல்லத் தலையைத் தூக்கி எங்கள் முகங்களைப் பார்த்தார். முகங்களைப் படிப்பதில்தான் அவர் கெட்டிக்காரர் ஆயிற்றே, கேட்காமலே புரிந்துகொண்டார். கண் நிறைந்துவிட்டது.

"என்னாலதான் மாமா. நான் கேட்டுக் கேட்டுத்தான் நீங்க சொல்லும்படி ஆச்சு."

அப்பா நகர்ந்து, பலகையில் அண்ணிக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார்.

"பந்து போனாப் போகுதும்மா. உக்கார எடம் இருக்குல்ல. நல்லா உக்காரு."