மாடியில் குடியிருந்த சர்வாதிகாரியின் மகன்

காலை பதினொன்று பத்துக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. அப்போதுதான் அந்தப் படத்தின் டிரெய்லர் வெளியானது.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர் அதில் ராணுவத் தளபதியாக நடித்திருந்தார். பிரெஞ்சு பேசும் ஒரு சிறிய நாட்டிலிருந்து வந்தவர். அந்த நாட்டை வெகுகாலம் ஆண்ட சர்வாதிகாரியின் மகன் அவர் என்பது அன்று காலைவரை எங்களுக்குத் தெரியாது. அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்து இறந்துபோனார் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

என் மகள் சினிமா கம்பெனிகளுக்கு வெளிநாட்டு ஆட்களைப் பிடித்துக் கொடுப்பவள். எங்கள் பாண்டியில் ஷூட்டிங் என்றால் துரை, கடத்தல்காரன், சுற்றுலாப் பயணி என்று யாராவது தேவைப்படுவார்கள். இவரும் போவார். கூட்டத்தில் கடைசியாக நிற்பார். பெரும்பாலும் சீக்கிரமே சுடப்பட்டுவிடுவார். மாலையில் படியேறும்போது என் கணவர், ஐயா என்பதற்குப் பிரெஞ்சு வார்த்தை போட்டு, வம்புக்கு இழுப்பார்.

"என்னா முசியே, இன்னிக்கும் செத்துட்டீங்களா?"

"செத்தாச்சு. நாளைக்கும் சாவணும்," என்பார், கற்றுக்கொண்ட தமிழில்.

நோணாங்குப்பத்தில் நடந்த அந்த ஷூட்டிங்குக்குத் தளபதியாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. என் மகள் கெஞ்சி இவருக்குச் சீருடை மாட்டிவிட்டாள். கைதிகளைப் பார்த்துக் கத்தச் சொன்னார் இயக்குநர். இவர் கத்தவில்லை. ஆரஞ்சு உரித்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கூட்டிக்கொண்டு போங்கள் என்று தம் மொழியில் மெதுவாகச் சொன்னாராம். எல்லாரும் கைதட்டினார்களாம். எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, ஊரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்றாராம். மகள் வந்து சொன்னபோது நாங்களும் சிரித்தோம்.

அந்தச் சீருடையில் அவர் அச்சு அசலாக அவருடைய தகப்பன். டிரெய்லருக்குக் கீழே முதலில் ஒருவர் அதை எழுதினார், பிறகு கூட்டம் கூட்டமாக எழுதினார்கள். அந்தத் தகப்பனின் ஆட்சியில் காணாமல்போன தம்பிகளின், கணவர்களின் படங்களைப் போட்டார்கள். ஆளைப் பிடித்துக் கொடுத்தவள் என்பதால் மகளின் போன் ஓயவில்லை. அவள் மாடிக்கு ஓடினாள், பின்னாலேயே நானும். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"முசியே, கதவத் தொறங்க. நான்தான்."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு மின்விசிறியின் சத்தம் நின்றது. இன்றும் வீட்டில் யாராவது விசிறியை நிறுத்தினால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இருவரும் கதவில் மோதிப் பார்த்தோம். பழைய தேக்குக் கதவு, தோள்தான் வலித்தது. உள்ளேயிருந்து "வேண்டாம்" என்று ஒரே ஒரு முறை குரல் வந்தது.

ஊர்க்கோடியில், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலையில் இருந்த கணவருக்குப் போன் போட்டேன்.

"போலீசக் கூப்புடு. ஒடைக்கச் சொல்லு."

"பூட்ஸ் சத்தம் கேட்டா ஏதாச்சும் பண்ணிக்குவாருங்க."

"அப்ப நீ என்னதான் பண்ணப் போற?"

போனை வைத்தேன். பள்ளியில் படித்த பிரெஞ்சில், தயவுசெய்து ஏதாவது சாப்பிடுங்கள் என்று கதவைப் பார்த்துச் சொன்னேன். அதைவிட நல்ல வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை.

மகள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தாம்மா அந்த டிரெஸ்ஸ மாட்டிவிட்டேன்."

அவள் தலையைத் தடவியிருக்கலாம். கதவிலிருந்து கையை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது.

மதியத்துக்கு மேல் ஒரு பெண் படியேறி வந்தாள். மகளைவிடச் சின்னவள். அவர் நாட்டுக்காரி, இங்கே படிக்க வந்திருப்பவள். காலையில் போனில் அழுதவர்களில் இவளும் ஒருத்தி என்றும், தானே வரச் சொன்னதாகவும் மகள் சொன்னாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நான் குறுக்கே நின்றேன். அவள் என்னைச் சுற்றிப் போய்க் கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். பிரெஞ்சில், சின்னக் குரலில், ஒரு பெயரைச் சொன்னாள். காணாமல்போன தன் அப்பாவின் பெயர் என்றாள்.

பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு ஒரு கை அகலம் திறந்தது. இடைவெளியில் அவர் முகம். சட்டைக் காலர் நனைந்திருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை.

"உங்களைத் திட்ட வரவில்லை," என்றாள். "உங்கள் வீட்டில் யாராவது இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நீங்களும் போய்விட்டால் நான் யாரிடம் கேட்பது?"